மேல்கூடலின் வெள்ளைக் குறி

1974 ஆகஸ்ட் 3

வந்து சேர்ந்தாயிற்று. ஆர்னி தன் மிதவை விமானத்தை ஏரியில் இறக்கிய விதத்தில் எனக்குக் கடைவாய்ப் பற்கள் ஆடிப்போயின. அவன் நல்ல விமானி என்று கம்பெனிக் கந்தோரில் எல்லோரும் சொல்கிறார்கள். நல்லவன் இறக்குவது இப்படியென்றால் மற்றவர்களைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

கனடாவின் வடக்கு. மரங்கள் இங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர மனமில்லாமல் நிற்கின்றன. தரை என்று நம்பிக் காலை வைத்தால் முழங்கால் வரை பாசிச் சேறு. கறுப்பு இலையான் ஈக்கள் காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் புகுந்து பார்க்கின்றன. நாங்கள் அளக்க வந்த ஆற்றுக்கு இதுவரை வெளிவந்த வரைபடத்தில் பெயருமில்லை, கரையுமில்லை. ஒரு புள்ளிக்கோடு மட்டும் உண்டு. இங்கே ஆறு ஒன்று இருக்கலாம் என்று அர்த்தம். அதை முழுக்கோடு ஆக்கத்தான் கம்பெனி எங்களை அனுப்பியிருக்கிறது.

எங்களை என்றால் என்னையும் குலத்தையும். குலம் என்கிற தர்மகுலசிங்கம் என் தங்கை புவனத்தின் புருஷன். அவனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் நான், இந்த வேலையில் சேர்த்ததும் நான். என் பெயரைச் சொல்லி, அருளம்பலத்தின் மைத்துனன் என்றால்தான் கந்தோரில் அவனைத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி இருந்தது. இப்போது சிலபேர் என்னைக் குலத்தின் மைத்துனன் என்கிறார்கள்.

சாமான்களை இறக்கி எண்ணிப் பார்த்தோம். நாங்கள் அளந்த இடங்களில் வெள்ளைத் துணியைக் கூட்டல் குறி போல விரித்துக் கல் வைத்துவிட்டால், மேலிருந்து எடுக்கும் படத்தில் அந்த இடம் தெரியும். அதற்கு நிறைய வெள்ளைத் துணி. ஆபத்து என்றால் விரிப்பதற்குச் செம்மஞ்சள் துணி ஒன்று. ஆர்னிக்குத் தெரிந்த சட்டம் சின்னது. வெள்ளை என்றால் வேலை நடக்கிறது, பறந்துகொண்டே போகலாம். செம்மஞ்சள் என்றால் இறங்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

மழை. நாள் முழுக்கக் கூடாரத்துக்குள். என் மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. செம்மஞ்சள் துணியை எடுத்து வெளியே இழுத்துக் கட்டினேன். இப்போது ஒரு சொட்டு விழவில்லை.

குலம் ஆற்றில் மீன் பிடித்து வந்து குழம்பு வைத்தான். புவனம் வறுத்து இடித்துக் கொடுத்த தூள். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டபின் போன வருஷப் படங்கள் இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூஞ்சியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விமானம் போகிற போக்கில் ஒரே இடத்தை இரண்டு தரம் படம் பிடிக்கும். அந்தச் சோடியை முப்பரிமாணக் கண்ணாடியின் கீழே வைத்தால் மலை எழும்பி நிற்கும், பள்ளம் இறங்கும். அப்படித்தான் நாங்கள் உயரம் பார்ப்பது. குலத்துக்குக் கண்ணாடி தேவையில்லையாம், வெறும் கண்ணே போதுமாம். படத்தைப் பார்க்கக் கூடாது, அதற்குப் பின்னால் தூரத்தில் எதையோ பார்ப்பது போல் கண்ணைத் தளரவிட வேண்டும் என்றான். நானும் முயன்று பார்த்தேன். எனக்கு இரண்டு படம் இரண்டு படமாகவே இருந்தது. கண்ணாடி செய்து வைத்தவன் என்ன விசரனா?

புவனத்துக்கும் குசினியில், சமைக்கிற மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறானாம். அவள் ஒரே நாளில் பிடித்துவிட்டாளாம். தெருவில் போகிற கார் மட்டும் அந்தரத்தில் மிதப்பதைக் கண்டு சிரித்தாளாம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அசைந்த பொருள் அப்படித்தான் தெரியும், இது தொழில் படித்த எல்லோருக்கும் தெரியும். என் தங்கை என் வீட்டுக் குசினியில் இதையெல்லாம் செய்துகொண்டிருப்பது எனக்குத்தான் தெரியாது.

ஆகஸ்ட் 9

வெயில். மூன்று இடங்களில் குறி விரித்தோம். குலம் துணியை விரிப்பதைப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு விரிப்புப் போடுகிற பெண்பிள்ளை தோற்றுப்போவாள். நான்கு கையும் ஒரே நீளம், நூல் பிடித்த நேர்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னான்.

“அண்ணை, உங்களிட்டை ஒரு விஷயம் சொல்ல வேணும். நானும் புவனமும் அடுத்த மாதம் முடிய வேறை வீடு போகப் போறம். பிள்ளை பிறந்தால் இடம் போதாது.”

இவ்வளவு நாளும் போதும் என்றிருந்த வீடு இப்போது போதாமல் போய்விட்டதா என்று கேட்டேன். அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“நான் இருப்பம் எண்டுதான் சொன்னனான். அவள்தான் கேட்டவள்.”

அம்மா செத்தபோது புவனத்துக்கு ஏழு வயது. தலை வாரி இழுத்ததும் நான், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் நான். எனக்குக் கல்யாணம் பேசிவந்த இடங்களையெல்லாம் இவள் சின்னப்பிள்ளை என்று தட்டிக்கழித்தேன். பிறகு யாரும் பேசி வரவில்லை. மேல்மாடியின் பெரிய அறையை அவர்களுக்கு விட்டுவிட்டுக் கீழே குளிர் அறையில் படுக்கிறேன். அவள் கேட்டாளாம். அவளாகக் கேட்டிருக்க மாட்டாள். எனக்கு நெஞ்சு பற்றி எரிகிறது.

ஆகஸ்ட் 10

குலத்தோடு கதைக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவன் சமையல்.

ஆகஸ்ட் 12

மேல்கூடலுக்கு ஒருவர் போக வேண்டும். இரண்டு கிளையாறுகள் சேர்கிற இடம், இங்கிருந்து விமானத்தில் அரைமணி. அங்கே சரளைத் திட்டில் ஒரு குறி விரித்து, சுற்றியிருக்கும் மரங்களை வெட்டிப் பார்வை திறந்து, கோணங்கள் எடுக்க வேண்டும். இருவராகப் போவதுதான் வழக்கம். இருவரும் போனால் எங்களிடம் உள்ள ஒரே வானொலிப் பெட்டியை யார் பார்ப்பது? குலத்தைத் தனியே அனுப்பத் தீர்மானித்தேன். தலைவன் யார் என்பது இடைக்கிடை ஞாபகத்தில் இருப்பது நல்லது.

அவன் மறுக்கவில்லை. மாதக்கடைசிக்குள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று மட்டும் கேட்டான், புவனத்துக்கு நாள் கிட்டுகிறதாம். பிள்ளை பெறப்போவது நீரில்லையே என்றேன். சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள்.

ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்குச் சாப்பாடு, கூடாரம், கோடரி, கருவி, வெள்ளைத் துணி. எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்றியபின் திரும்பி வந்து என் கூரையைப் பார்த்தான்.

“அண்ணை, அந்தச் செம்மஞ்சளை நான் கொண்டு போகட்டே?”

“அதைக் கழட்டினால் படம் முழுக்க நனைஞ்சு போகும். உமக்கு அங்கை என்ன நடக்கப் போகுது?”

“ஒண்டும் நடக்காதுதான்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

ஆகஸ்ட் 15

தனிமை எவ்வளவு நல்லது. விரும்பிய நேரத்துக்கு எழும்பலாம். வாயால் தாளம் போட்டுக்கொண்டு கணக்குப் போடுகிற ஒருவன் பக்கத்தில் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்தில் மான்கூட்டம் தண்ணீரில் இறங்கி நீந்திப் போனது. கடைசியாகப் போன குட்டி ஒன்று பின்தங்கிவிட்டது, தாய் திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறியதோ தெரியாது, எனக்கு வேலை இருந்தது.

புவனத்தோடு நானே கதைத்தால் அவள் மனம் மாறுவாள். அவனை விட்டுத் தனியாகக் கதைக்க வேண்டும். அவள் கண்ணைப் பார்த்து நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அழுதுவிடுவாள்.

ஆகஸ்ட் 17

தெளிந்த வானம். ஆர்னி விடியவே வந்தான். விமானத்தின் வயிற்றில் கமராவைப் பூட்டி நான் அதன் பின்னால் உட்கார்ந்து, குறிகளுக்கு மேலே தாழப் பறந்து படம் எடுத்தோம். மேல்கூடலில் குறி அச்சடித்தது போலிருந்தது. குலம் அதற்குப் பக்கத்தில் நின்று தொப்பியை ஆட்டினான். கரையில் பாதி மரங்கள் இன்னும் நிற்கின்றன. கிழமை முடிகிறது, வேலை முடியவில்லை.

அவனுக்கு மாவும் ரின்னில் அடைத்த மீனும் போட்டுவிட்டு வரலாம் என்றான் ஆர்னி. அடுத்த தரம் பார்க்கலாம் என்றேன். பசி வந்தால் கோடரி வேகமாக ஓடும்.

ஆகஸ்ட் 19

மழை. கால் விரலிடுக்கில் புண். மருந்துப் பெட்டியைத் தேடினால் இரண்டும் இங்கே இருக்கின்றன. குலம் தன்னுடையதை எடுத்துப்போக மறந்திருக்கிறான். வெளிக்கிடும் அவசரத்தில் நான் அதன்மேல் படச்சுருள் பெட்டியை வைத்திருந்தேன். அவன் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 21

மழை விட்டது. திரும்பவும் பறந்தோம். போனதரம் எடுத்த சுருளில் ஒரு பகுதி வெளிச்சம் பட்டுப் போனதால் மேல்கூடலை மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது.

குறியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு கை இல்லை. கூட்டல் குறிக்கு நான்கு கை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆற்றுப் பக்கமிருந்த கையைக் காணவில்லை, இன்னொன்று பாதியில் கிழிந்து கிடந்தது. குலம் சரளையில் உட்கார்ந்துகொண்டு ஒரு தடியில் வெள்ளைத் துணியைக் கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். எழும்பி நிற்கிற மரியாதைகூட இல்லை. கரையில் நான்கைந்து மரங்கள் புதிதாக விழுந்திருந்தன, அவ்வளவுதான்.

ஆர்னி திரும்பிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். “இறக்கட்டுமா? அவனுக்கு ஏதோ தேவை போலிருக்கிறது.”

“அவனுக்கு வீட்டுக்குப் போகத் தேவை” என்றேன். “மனைவிக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது. துணி வெள்ளைதானே? வேலை நடக்கிறது.”

ஆறு பெருகியிருக்கிறது, இறக்கினால் மிதவை கல்லில் அடிபடும் என்றும் சொன்னேன். அது உண்மை. ஆர்னி இன்னொரு வட்டம் போட்டான். நான் படங்களை எடுத்தேன், நல்ல வெளிச்சம். திரும்பும்போது அவன் இறக்கைகளை இரண்டு பக்கமும் ஆட்டினான். கண்டுகொண்டோம், வருகிறோம் என்று கீழே இருப்பவனுக்குச் சொல்கிற விமானிகளின் பாஷை. தேவையில்லாத மரியாதை. குலம் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

படம் எடுத்து முடிந்தது.

ஆகஸ்ட் 22

மூடுபனி. ஆர்னி எஞ்சின் சத்தம் சரியில்லை என்று நேற்றே விமானத் தளத்துக்குப் போய்விட்டான். சோறும் ஊறுகாயும்.

ஆகஸ்ட் 24

வானொலியில் ஆர்னி. எஞ்சினுக்கு ஒரு சாமான் வர வேண்டுமாம். தளத்தில் வேறொருவனின் விமானம் நிற்கிறது, அவனை அனுப்பி உன் ஆளை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். அவசரமில்லை என்றேன். வேறு விமானத்தைக் கூப்பிட்டால் கந்தோருக்கு விளக்கம் எழுத வேண்டும், குழுத் தலைவனால் ஒரு குழுவை நடத்த முடியவில்லையா என்று கேட்பார்கள். வரும்போது உருளைக்கிழங்கு கொண்டு வா என்று சொன்னேன். எல்லோரும் நலமா என்று தளத்துக்காரன் வழக்கம்போல் கேட்டான். எல்லோரும் நலம்.

ஆகஸ்ட் 25

விடிய ஏரிக்கரை முழுக்க வெள்ளை. முதல் உறைபனி. வாளித் தண்ணீரில் கண்ணாடி போல் ஆடை படிந்திருந்தது. பின்னேரம் ஆலங்கட்டியோடு மழை. செம்மஞ்சள் துணி நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது, தரமான சாமான்.

குலத்துக்குச் சாப்பாடு முடிந்திருக்கும். ஆற்றில் மீன் நிறைய. கெட்டிக்காரன்தானே, பிடிக்கட்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து வந்தால் என் வீட்டுச் சோற்றின் அருமை தெரியும். வந்ததும் நானே மீன் குழம்பு வைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். தூளில் கொஞ்சம் மீதம் வைத்திருக்கிறேன். கோபத்தை இதற்கு மேலும் இழுப்பது அழகில்லை.

ஆகஸ்ட் 28

ஆர்னி இங்கே வராமல் நேரே மேல்கூடலுக்குப் போயிருக்கிறான். மத்தியானம் ஏரியில் இறங்கியபோது நான் உருளைக்கிழங்கு இறக்கக் கோணிப்பையோடு கரைக்குப் போனேன். அவன் விமானத்தின் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குலம் உள்ளே கிடந்தான். கூடாரத் துணியால் மூடியிருந்தது. முகம் மட்டும் வெளியே. தாடி வளர்ந்து வேறு ஆள் போலிருந்தான்.

மரம் வெட்டும்போது கோடரி வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. காலை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தான். துணி கறுத்துக் காய்ந்துபோயிருந்தது. கால் தொடை வரைக்கும் வீங்கியிருந்தது. செத்து இரண்டொரு நாள் இருக்கும் என்கிறான் ஆர்னி.

அவன் ஒரு விஷயம் சொன்னான், அது எனக்கு விளங்கவில்லை. குலத்தின் கூடாரம் கழற்றி, மடித்து, கயிறு கட்டி இருந்ததாம். படுக்கையும் சுருட்டியிருந்ததாம். கருவி பெட்டிக்குள் பூட்டி, எல்லாம் தண்ணீர்க்கரையில் ஒழுங்காக அடுக்கியிருந்ததாம். அவன் அந்தப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தானாம். பக்கத்தில் ஒரு காலின் சப்பாத்து மட்டும் துடைத்து வைத்திருந்ததாம்.

“நான் இறக்கையை ஆட்டினேன்” என்றான் ஆர்னி. அதையே திரும்பவும் சொன்னான். பிறகு போய் ஏரிக்கரையில் வாந்தியெடுத்தான்.

ஏன் கூடாரத்தைக் கழற்றினான்? அந்த மழைக்குள், அந்தக் குளிருக்குள். காலில் புண்ணோடு இருக்கிற ஒருவன் கூடாரத்துக்குள்ளே அல்லவா இருக்க வேண்டும்? ஒன்றைக் கழற்றினால் திரும்பக் கட்ட இயலுமா என்று யோசிக்க வேண்டாமா? கவனமில்லாத ஆள் என்று நான் எப்போதும் சொல்லிவந்தேன்.

கோணங்கள் முழுக்க எடுத்திருக்கிறான். பார்த்தேன், சரியாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 29

செம்மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்துச் சாமான் பெட்டியில் வைத்தேன். கூரை ஒழுகவில்லை. மழையும் இல்லை.

செப்டம்பர் 4

தளத்தில் விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். ஆபத்துத் துணி குழுவிடம் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன், பெட்டியைத் திறந்து காட்டினேன். தனியாக ஏன் போனார் என்று கேட்டார்கள். அனுபவமுள்ளவர், விரும்பிப் போனார் என்றேன். ஆர்னியையும் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். இறங்கவா என்று தான் கேட்டதாக அவன் சொல்லியிருக்கிறான். ஆறு பெருகியிருந்ததை அவனே ஒத்துக்கொண்டான். காட்டு வேலையில் நேர்ந்த விபத்து என்று முடிந்தது.

வெளியே வரும்போது ஆர்னிக்குக் கை நீட்டினேன். அவன் தன் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தான், நெடுநேரம் போட்டான்.

செப்டம்பர் 20

வீடு. புவனத்துக்குப் பெண்பிள்ளை. செத்தவீடும் பிள்ளைப்பேறும் ஒரே மாதத்தில். வந்து போன சனம் பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்வதா, சாவுக்குத் துக்கம் சொல்வதா என்று தெரியாமல் நெளிந்தது. எல்லோரும் போகும்போது என் கையைப் பிடித்து, நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே அவளுக்கு ஆறுதல் என்றார்கள்.

புவனம் அழுவதில்லை. பால் கொடுக்கிறாள், தொட்டிலை ஆட்டுகிறாள், சுவரைப் பார்க்கிறாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரைக் கடைசியாய் ஆர் கண்டது?”

விமானி என்றேன்.

மேல்மாடியில் மட்டைப் பெட்டிகள் நிறைய இருந்தன. குலம் வடக்கே வருவதற்கு முன்பே சாமான்களைக் கட்டத் தொடங்கியிருக்கிறான். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். பெட்டிகளை மடித்து வெளியே போட்டேன். அறை இப்போது முன்பு போலவே இருக்கிறது.

அக்டோபர் 13

புவனத்துக்குப் பிடித்த தோடம்பழம் வாங்கினேன். அவள் தொடவில்லை. பிள்ளைக்கு வடிவான மூக்கு, எங்கள் அம்மாவின் மூக்கு என்று சொன்னேன். அவர் மூக்கு என்றாள்.

நவம்பர் 6

கந்தோரில் மேல்கூடல் படங்களை எனக்கே தந்தார்கள். குறியின் நடுவில் ஊசியால் சின்னத் துளை இட வேண்டும், பிறகு அந்தத் துளையை வைத்துத்தான் வரைபடம் நிலத்தில் உட்காரும். சோடியைக் கண்ணாடியின் கீழே வைத்தேன். திட்டு எழுந்தது, ஆறு இறங்கியது, மரங்கள் ஊசி ஊசியாக நின்றன. குறியின் மூன்று கையும் சரளையில் படிந்து கிடந்தன.

பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் நிலத்தில் இல்லை. மரங்களுக்கும் மேலே, எதிலும் ஒட்டாமல் நின்றது.

படத்தாள் சுருங்கினால் இப்படி வருவதுண்டு. கழுவும்போது சூடு கூடினாலும் வரும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகும் ஒருதரம் பார்த்தேன். துளை இட்டுவிட்டேன்.

நவம்பர் 15

அந்த இடத்தின் படம் கந்தோரில் இருக்கிறதாமே, எனக்குக் காட்ட முடியாதா என்று புவனம் கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சோடியில் ஒன்றை மட்டும் எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு படத்தில் எல்லாம் தட்டையாகத்தான் இருக்கும். வெள்ளைக் குறி, சாம்பல் நிறத் திட்டு, கறுப்பு ஆறு. மிளகு விழுந்தது போல் ஒரு புள்ளி.

“இதுதானே அவர்?” என்று புள்ளியில் விரலை வைத்தாள். ஓம் என்றேன். சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் 2

எங்கள் கந்தோரில் படக் களஞ்சியத்தைப் பார்ப்பவள் மிஸ் ஹோல்ம். கன்னியாகவே கிழவியானவள். முப்பரிமாணக் கண்ணாடி பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். சோடி பிரிந்திருந்தால் அவளுக்கு நித்திரை வராது. எந்தப் படத்தை எடுத்தாலும் அதன் பக்கத்துப் படத்தையும் சேர்த்துத்தான் தருவாள். அதனால்தான் அன்றைக்கு அவள் சாப்பிடப் போன நேரத்தில் நானாக எடுத்தேன்.

ஒன்று குறைவதை இன்று கண்டுபிடித்துவிட்டாள். யார் எடுத்தது என்று மேசை மேசையாகக் கேட்டாள். தங்கைக்காக நான்தான் எடுத்தேன் என்றேன். அவள் முகம் இளகிப்போனது. அதற்கென்ன, வைத்துக்கொள்ளட்டும் என்று என் தோளைத் தட்டினாள்.

டிசம்பர் 7

நான் வீட்டுக்கு வந்தபோது குசினி மேசையில் விளக்கு எரிந்தது. பிள்ளை தொட்டிலில் தூங்கியது. புவனத்தின் முன்னால் தபாலில் வந்த கனத்த உறை ஒன்று கிடந்தது. மிஸ் ஹோல்ம் மற்றப் படத்தையும் அனுப்பியிருந்தாள். சோடி பிரியக் கூடாது என்று ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி, ஒரு காய்ந்த பூவும் வைத்திருந்தாள்.

புவனம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குலம் குனிவது போலவே குனிந்திருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றினேன், மேற்சட்டையைக் கழற்றினேன், கை கழுவினேன். அவள் தலை நிமிரவில்லை. அடுப்பில் ஏதோ கருகியது, நான்தான் இறக்கி வைத்தேன்.

“அண்ணை, இஞ்சை வாங்கோ” என்றாள். “இந்தத் துண்டு நிலத்திலை இல்லை.”

படத்தாள் சுருங்கியிருக்கிறது, கழுவினவன் சரியில்லை என்றேன்.

“அசையிறது மட்டும்தான் மிதக்குமெண்டு அவர் சொல்லித் தந்தவர்.” அவள் குரலில் கோபம் இல்லை, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையின் குரல் அது. “இது ஆடியிருக்கு. அவர் ஆட்டியிருக்கிறார். மேலை இருந்து படம் எடுத்தது ஆர்?”

நான் சாப்பாடு போடச் சொன்னேன்.

அவள் எழும்பிச் சாப்பாடு போட்டாள். சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். சோறு, பருப்பு, மீன் குழம்பு. நான் சாப்பிட்டு முடியும் வரைக்கும் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இரண்டாந்தரம் சோறு வேண்டுமா என்றும் கேட்டாள்.

டிசம்பர் 15

புவனம் பிள்ளையோடு போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. மட்டைப் பெட்டி ஒன்றும் வீட்டில் இல்லாததால் சாமான்களைக் கட்டில் விரிப்புகளில் மூட்டையாகக் கட்டியிருந்தாள். வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. ஓட்டி வந்தவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆர்னி இறங்கி மூட்டைகளை ஏற்றினான். என் பக்கம் பார்க்கவில்லை. அவன் எப்படி வந்தான், எவ்வளவு காலமாக அவளோடு கதைத்துக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பிள்ளையை ஒருதரம் தா என்றேன். தந்தாள். வாங்கியதும் அழுதது, உடனே எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 16

பனி கொட்டுகிறது. மேல்மாடி அறைக்கு என் கட்டிலை ஏற்றினேன். கீழறையைவிட வெதுவெதுப்பு.

படங்களை அவள் கொண்டுபோகவில்லை. குசினி மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு விட்டு வைத்திருக்கிறாள். விளிம்பில் உப்புப் போத்தலைப் பாரமாக வைத்திருக்கிறாள். அசையக் கூடாது என்பதற்காக.

தேத்தண்ணி குடிக்க வேறு இடமில்லாததால் அங்கேயே உட்கார்ந்தேன். கண்ணாடி கந்தோரில் இருக்கிறது. வெறும் கண்ணால் எனக்கு வராது என்று தெரியும், எப்போதும் வந்ததில்லை. இருந்தாலும் குனிந்தேன். இரண்டு படம், இரண்டு குறி, இரண்டு ஆறு. பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் நீர் கட்டி எல்லாம் கலங்கியது. கலங்கியதும் இரண்டு ஆறும் நகர்ந்து வந்து ஒன்றாயின. சரளை எழும்பியது. மரங்கள் எழும்பின. அவற்றுக்கும் மேலே அந்த வெள்ளைத் துண்டு எழும்பி, என் முகத்துக்குக் கிட்டே வந்து நின்றது. அதற்குக் கீழே அவன் உட்கார்ந்திருந்தான்.

தேத்தண்ணி ஆறிப்போனது. எழும்பிப் போய் இரண்டு உறை எடுத்து வந்தேன். ஒரு படத்தை ஒன்றிலும் மற்றதை மற்றதிலும் போட்டு ஒட்டி, ஒன்றை மேல்மாடி அலமாரியிலும் மற்றதைக் கீழறைப் பெட்டியிலும் வைத்தேன். உப்புப் போத்தலை அதன் இடத்தில் வைத்தேன்.